புதுப்பிப்பு: பழைய சமையலறை, அளவான பட்ஜெட்

அலமாரிகளைப் பிரித்துப்போட்டுப் புதிதாகச் செய்வதா, இருப்பதையே தேற்றுவதா என்று போன தடவை கேட்டிருந்தேன். பாதிப் பேர் "இடிச்சுடுங்க" என்றீர்கள். இடிக்கவில்லை. அலமாரிப் பெட்டிகள் பிளைவுட், இன்னும் கெட்டியாகத்தான் இருந்தன. கதவுகள்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கதவுகளைக் கழற்றி, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டுக்கொண்டோம். பெயின்ட் அடிப்பதைவிட அதற்கு முந்தைய வேலைதான் இடுப்பை ஒடித்தது. பல வருட எண்ணெய்ப் பிசுக்கு! கைப்பிடியைச் சுற்றி நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உருண்டு வந்தது. அது போகாமல் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு, பிடிக்காது. எனவே முதலில் பிசுக்கை நீக்கும் டிக்ரீஸர், பிறகு 150ஆம் நம்பர் உப்புத்தாள், பிரைமர், அதன் மேல் மெல்லிசாக 2 கோட் எனாமல். தொட்டால் ஒட்டவில்லை என்று உடனே முரட்டுத்தனமாகப் புழங்காதீர்கள். முழுசாக இறுகச் சில வாரம் பிடிக்கும்.

கீல்கள் மட்டும் புதுசு. கதவில் கீல் உட்காரும் பழைய குழி 35 மி.மீ. என்பதால், கதவு படாரென்று அடிக்காமல் மெல்ல மூடும் சாஃப்ட் குளோஸ் கீல் அப்படியே உட்கார்ந்தது. சிங்க்கை ஜன்னல் பக்கம் மாற்றும் ஆசையைக் கைவிட்டோம். கழிவுநீர்க் குழாயை நகர்த்தினால் தரையை உடைக்க வேண்டும், பட்ஜெட் அங்கேயே காலி. மிச்சக் காசில் மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை. நறுக்கும்போது நம் நிழல் நம் கை மேலேயே விழுவது நின்றதே, அதற்கே கொடுத்த காசு தகும்.

சுவர் டைல்ஸ் பாக்கி. பழசின் மேலேயே புதுசு ஒட்டலாம் என்கிறார் மேஸ்திரி. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே காலியாக ஒலித்தவற்றை, அதாவது சுவரோடு சரியாக ஒட்டாதவற்றை, சாக்பீஸால் வட்டமிட்டிருக்கிறார். அவற்றைப் பெயர்த்ததும் எழுதுகிறேன்.