அந்த ஜாடிக்கு இன்னும் மவுசு இருக்கா?

நீலச்சட்டை:
அமெரிக்கன் ஃபுட்பால்ல மிச்சிகன், மினசோட்டா யூனிவர்சிட்டி அணிகள் மோதற, ஜெயிச்சவங்க ஒரு ஜாடியைக் கோப்பையா எடுத்துட்டுப் போற 'லிட்டில் பிரவுன் ஜக்' ஆட்டத்தை இன்னமும் பெரிய பகை மாதிரி பேசறது வேடிக்கையா இருக்கு. 1968-லிருந்து 2024 வரைக்கும் மினசோட்டா ஜெயிச்சது நாலே நாலு தடவை: 1977, 1986, 2005, 2014. ஒருத்தன் அடிக்க, இன்னொருத்தன் வாங்க, இதுக்குப் பேர் போட்டியா? எங்களுக்கு எதிரின்னா ஒஹாயோ ஸ்டேட்தான்.

வடக்குக்காற்று:
அந்த நாலையும் ஒரே மூச்சில் சொல்லிட்டுப் போனா எப்படி சார்? 1977-ல் மிச்சிகன் நாட்டிலேயே நம்பர் ஒன். 16–0, ஒரு புள்ளிகூட எடுக்கலை. சரி, 1934 முதல் 1942 வரை ஒன்பது வருஷமும் ஜாடி எங்ககிட்டதான். காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கின டாம் ஹார்மன் உங்க அணியில் இருந்தும் 1940-ல் 7–6ன்னு ஜெயிச்சோம். பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு இருந்த உங்க 1934 அணிக்கு எதிரா 34–0. அப்போ போட்டி செத்துடுச்சுன்னு யாராவது சொன்னாங்களா?

நீலச்சட்டை:
தாத்தா காலத்துக் கணக்கு! ஜாடியே எங்க காசு. 1903-ல் மினியாபொலிஸ் போனப்போ எங்க அணி மேனேஜர் குடிதண்ணி வெச்சுக்க 30 சென்ட்டுக்கு வாங்கினது. ஆட்டம் 6–6ன்னு ஆனதும் கூட்டம் மைதானத்துக்குள்ள இறங்கி, நேரம் முடியறதுக்குள்ளயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அந்தக் களேபரத்தில் விட்டுட்டு வந்ததை உங்க ஆள் ஆஸ்கர் எடுத்து வெச்சுக்கிட்டு, 'ஆஸ்கர் கைப்பற்றியது'ன்னு பெயின்ட்ல எழுதிக்கிட்டா ஆச்சா?

பெஞ்ச்பிளேயர்:
நான் ரெண்டு பக்கமும் இல்லை. ஆனா அந்தப் பெயின்ட்தான் சுவாரஸ்யமே. மினசோட்டாவோட 6-ஐப் பெரிசாவும் மிச்சிகனோட 6-ஐப் பொடிசாவும் எழுதி வெச்சானுங்க பாருங்க, அந்தக் குசும்புக்கே கோப்பை தரலாம். மிச்சிகன் 1909-ல் 15–6ன்னு ஜெயிச்சுதான் அதை எடுத்துட்டுப் போச்சு. உள்ளூர்த் தண்ணியில எதையாவது கலந்துடுவாங்கன்னு மிச்சிகன் கோச் யோஸ்ட் பயந்துதான் ஜாடியை வாங்க வெச்சார்ங்கிற கதையை நான் பாதிதான் நம்பறேன்.

நீலச்சட்டை:
கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஆடற பிக் டென் லீக்ல இப்போ 18 அணி. வருஷா வருஷம் கட்டாயம் மோதணும்னு மினசோட்டாவுக்குக் குறிச்சது அயோவாவையும் விஸ்கான்சினையும்தான். எங்க பேர் அதில் இல்லை. லீக்கே கைகழுவிடுச்சு.

வடக்குக்காற்று:
அட்டவணை போடறவங்களுக்கு டிவி காசுதான் முக்கியம், ஜாடியா முக்கியம்? 2024 ஆட்டம் பார்த்தீங்களா? கடைசிக் கால்பகுதியில் மட்டும் 21 புள்ளி எடுத்தோம், 27–24 வரைக்கும் வந்தோம். பந்தை உதைச்சு நாமே திரும்பப் பிடிக்கப் பார்க்கிற ஆன்சைடு கிக்கையும் நாங்கதான் பிடிச்சோம். உதைக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கோட்டைத் தாண்டிட்டார், ஆஃப்சைடுன்னு கொடியை வீசி முடிச்சுட்டாங்க.

நீலச்சட்டை:
ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க.

வடக்குக்காற்று:
பார்த்துட்டேன். எந்தக் கால் கோட்டைத் தாண்டியிருக்குன்னு நீங்களே காட்டுங்க.