கோச்சிக் கதவு, தியலும குளம், உலக முடிவு

இலங்கை மலைநாட்டில் ஓடும் பதுளைக் கோச்சியில் (ரயிலில்) மிதிபலகையில் தொங்குகிறவர்களுக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். நானுஓயாவில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். பட்டிப்பொல வரும்போது ஒரு கை விடுபடும். ஹப்புத்தளையை நெருங்கினால் முக்கால் உடம்பு வெளியே. ஒன்றரை மணித்தியாலமாக ஒன்றும் நடக்கவில்லையே, அந்தத் தைரியம்தான்.

பாதை அப்படியே இருக்காது. இந்த வழியில் மிக நெருக்கமான வளைவுகளின் ஆரம் சுமார் 100 மீற்றர்தான். நீளப் பெட்டி அதில் திரும்பும்போது நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் ஒதுங்கும், இரு முனைகளும் வெளிப்பக்கம் தள்ளும். கதவு இருப்பதோ முனையில். நேர்ப்பாதையில் கைக்கெட்டாத பாறை, வளைவில் தலைக்கு வந்துவிடும். படம் எடுக்கிறவர் பின் கதவில் நிற்பார், தொங்குகிறவர் அவரைப் பார்த்துச் சிரிப்பார். முதுகு எஞ்சின் பக்கம்; சுரங்க வாயில் வருவது தெரியவே தெரியாது. முதுகில் பை இருந்தால் இன்னும் மோசம், புதர்க்கொம்பு முதலில் அதைத்தான் இழுக்கும். கதவில் நின்றே ஆகவேண்டுமா? பாதம் இரண்டும் படிக்கு உள்ளே, பை உள்ளே, முகம் எஞ்சின் பக்கம்.

*

கோச்சிக் கதவில் வரும் அதே தைரியம் தியலும அருவியின் மேல் குளங்களிலும் உண்டு. அந்த 220 மீற்றர் அருவியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "போன மாசமும் இங்கதான் குதிச்சோம்" என்பார்கள். ஒரு வெள்ளம் போனால் அடியில் கல் இடம் மாறும், மரக்கட்டை வந்து செருகும். முதலில் மெல்ல இறங்கிக் காலால் துழாவிப் பார்க்க ஐந்து நிமிசம் போதும். யார் செய்கிறார்கள்? அருவி விழும் இடத்து வெள்ளை நுரையில் காற்றுக் கலந்திருப்பதால் அது ஆளைத் தாங்காது, நீச்சல்காரனையும் கீழே விட்டுவிடும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை மேலே கொட்டும்போது குளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறினாலோ செருப்பு எடுக்கக்கூட நிற்காதீர்கள். கிட்டவுள்ள கரையில் ஏறுங்கள். உடுப்பு அக்கரையில் கிடக்கிறது என்று கடக்கப் போகிறவரைத்தான் ஆறு கொண்டுபோகும். கறுத்து மினுங்கும் பாறை பாசி. வெளிறிய, கரடான கல்லில் மிதியுங்கள்.

*

ஹோட்டன் சமவெளியில் நிலம் செங்குத்தாக முடியும் இடம்தான் உலக முடிவு. அங்கே விளிம்பு என்று கண்ணுக்குத் தெரிவது வெறும் புல். அதற்குக் கீழே கல் இருக்கிறதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஐந்து பேராகப் போனால் "போதும், பின்னுக்கு வாங்கடா" என்று முதலில் சொல்ல எல்லோருக்கும் வெட்கம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மூடுபனி ஏறினால் பள்ளமே மறைந்துவிடும். பள்ளம் தெரியாததால் ஆட்கள் இன்னும் இரண்டடி முன்னே போவார்கள்.