புதுப்பிப்பு: வீட்டு அறையில் பாட்டுப் பதிவு, எதிரொலி அடங்கிவிட்டது

பத்துக்குப் பத்து அறையில் பாடிப் பதிவு செய்தால் குரல் குளியலறையில் பாடியதுபோல் கேட்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது குரல் தெளிவாக இருக்கிறது. மைக் அதே பழைய கண்டென்சர்தான் (நுண்ணிய ஒலியையும் வாங்கும் வகை).

பெரிய மாற்றத்தைத் தந்தது ஜமக்காளம். பலரும் மைக்குக்குப் பின்னால்தான் எதையாவது வைக்கிறார்கள். ஆனால் என்னுடையது போன்ற கார்டியாய்டு வகை மைக் முன்பக்கத்து ஒலியைத்தான் அதிகம் வாங்கும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே அதற்குள் போய்விடுகிறது. அதனால் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, என் முதுகுப் பக்கம் தொங்கவிட்டேன். அந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். சுவரோடு ஒட்டினால் பலன் குறையும்.

'பல்லவி' என்று தொடங்கும்போது 'ப' வெடித்தது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் விட்டு, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினேன். மூச்சுக்காற்று ஒதுங்கிப் போகிறது. மிக நெருங்கிப் பாடினால் அடிக்குரல் வீங்கும் என்பதையும் கவனியுங்கள். 24 பிட்டில் (ஒலியை நுணுக்கமாகப் பதியும் அமைப்பு) பதிவதால் அளவைக் குறைத்து வைத்தாலும் இரைச்சல் தெரியாது; அதனால் உச்சஸ்தாயியிலும் அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி வைத்திருக்கிறேன் (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி சிதையும்).

எதிரொலியை அடக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது மட்டும் வேண்டாம். கீழ் அதிர்வெண்களை அது உறிஞ்சுவதே இல்லை.

மூலைகளில் இன்னும் கொஞ்சம் முழக்கம் தேங்குகிறது. அடுத்து அங்கே பழைய பஞ்சு மெத்தைகளை நிறுத்திப் பார்க்கப்போகிறேன்.