புதுப்பிப்பு: ஸ்கார்பரோ (டொராண்டோ) வீட்டில் சமையலறைக் குழாய் உறைந்த பிரச்சினை

ஜனவரியில் கேட்டிருந்தேன்: குளிர் மைனஸ் 20க்குக் கீழே போனால், காலையில் சமையலறைத் தொட்டியில் சுடுதண்ணீர் வருவதில்லை, வீட்டின் மற்றக் குழாய்களெல்லாம் சரி என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை தீர்ந்தது.

முதலில், தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவை இரவில் திறந்து வைத்து, தண்ணீரை நூல்போல ஒழுக விட்டேன். வேலை செய்தது. ஆனால் தினமும் இதைச் செய்ய முடியுமா? அப்புறம் பைப்புக்கு நுரை உறை போட்டேன். அடுத்த கடுங்குளிரில் மறுபடி உறைந்தது. உறை இருக்கிற சூட்டைக் காக்கும், புதிதாகச் சூடு தராது.

கடைசியில் கைகொடுத்தது, "காற்று எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள்" என்று ஒரு அண்ணா சொன்னதுதான். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அலமாரிக்குள் பிடித்தேன். புகை மேலே போகாமல் நேரே என் முகத்துக்கு வந்தது. பின்சுவரில், எப்போதோ கேபிள் இழுத்த ஓட்டை. சுண்டுவிரல் அகலம், அவ்வளவுதான். ஸ்ப்ரே நுரையால் அடைத்தேன். பெப்ரவரியில் மைனஸ் 24 வந்தபோதும் தண்ணீர் நிற்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: உறைந்திருந்தவரை ஒழுகாத பைப், ஹேர் டிரையரால் உருக்கிய பிறகு ஒழுகியது. மூட்டில் மயிரிழை வெடிப்பு, பனிக்கட்டியே அதை அடைத்திருந்திருக்கிறது. உருக்குவதற்கு முன், வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடும் பிரதான வால்வு எங்கே என்று பார்த்து வையுங்கள். நான் அதைத் தேடிப் பேஸ்மெண்டில் ஓடினேன்.