கழுத்தில் தொங்கும் சிறு கத்தி: உறையோடு 60 கிராமுக்குள் வருமா?

மெல்லலகு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தினமும் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு சின்னக் கத்தி கையாலேயே செய்யப்போகிறேன். பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க, அவ்வளவுதான் வேலை. மொத்த நீளம் 165 மி.மீ., அதில் அலகு 65. சராசரி அகலம் 20. கையில் இருப்பது 3 மி.மீ. கனமுள்ள 1095 எஃகுப் பட்டை. பிடிக்குத் தனியாக எதுவும் ஒட்டாமல் வெறும் இரும்பாகவே விட்டு, எடை குறைய 5 மி.மீ. துளை பத்துப் போடலாம் என்று திட்டம். உறை 2 மி.மீ. கைடெக்ஸ் (சூட்டில் இளகி வடிவம் எடுக்கும் பிளாஸ்டிக் தாள்). பிடி கீழே வருகிற மாதிரி தலைகீழாகத் தொங்கும். கயிறு 550 பாராகார்ட் என்கிற நைலான் கயிறு.

உறையோடு 60 கிராமுக்குள் முடிக்க இந்த அளவுகள் போதுமா? தலைகீழாகத் தொங்கும்போது கத்தி நழுவாமல் இருக்க உறை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? பாராகார்டை முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதும்தானே?

சாணைக்கல் எழுதியது:

துளையை விடுங்கள், முதலில் பட்டையின் கனத்தைப் பாருங்கள். இரும்பு கன செ.மீ.க்கு 7.85 கிராம். உங்கள் வரைபடத்தின் பரப்பு சுமார் 33 சதுர செ.மீ. 3 மி.மீ. கனத்தில் அது 78 கிராம் ஆகிறது. அலகை முதுகு வரை முழுச்சரிவாகத் தீட்டினால் அலகுப் பகுதியின் எடையில் கிட்டத்தட்ட பாதி கழியும், அதாவது 15 கிராம். மிச்சம் 63. அதே வடிவத்தை 2 மி.மீ. பட்டையில் செய்தால் 52 கிராமில் தொடங்கி, தீட்டி முடிக்கும்போது 42க்கு வந்துவிடும்.

நீங்கள் சொல்கிற 5 மி.மீ. துளைகள் பத்தும் சேர்ந்து 2 மி.மீ. தகட்டில் 3 கிராம்தான் குறைக்கும். அழுக்கு சேர இடம் மட்டும் பத்து. அதற்குப் பதில் 12 மி.மீ. துளை மூன்று போட்டால் 5 கிராமுக்கு மேல் போகும், கழுவவும் எளிது. துளைகளுக்கு நடுவிலும், துளைக்கும் பிடியின் ஓரத்துக்கும் நடுவிலும் 4 மி.மீ. இரும்பாவது இருக்கட்டும். ஆகக் கத்தி மட்டும் 36, 37 கிராமில் நிற்கும்.

மெல்லிய பட்டையில் இன்னொரு லாபமும் உண்டு. 20 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. கனம் என்றால் பக்கத்துக்கு 3 டிகிரிக்குள்தான் சரிவு. கூர் வைக்கும் முன் வெட்டுமுனையை 0.3 மி.மீ. வரை கொண்டுவந்துவிடுங்கள். அட்டையும் பழமும் ஆப்பு வைத்துப் பிளந்த மாதிரி விரியாமல் அறுபடும். இவ்வளவு சின்னக் கத்தியால் நெம்புகிற வேலை கிடையாது என்பதால் 3 மி.மீ. கனத்துக்குத் தேவையே இல்லை என்பது என் முடிவான கருத்து.

உலைமுகம் எழுதியது:

சாணைக்கல் சொன்ன கணக்கு சரி. ஆனால் 2 மி.மீ. பட்டை சூட்டில் வளையும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கடினமாக்குவதற்காகக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பதற்கு முன்பே சரிவைத் தீட்டி, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட அதிகம் கழிந்திருந்தால், மெல்லிய பக்கம் முதலில் குளிர்ந்து அலகை இழுத்துக்கொள்ளும். இந்தக் கனத்துக்குச் சரிவே போடாமல் தட்டையாகவே தோய்த்து, டெம்பர் (நொறுங்காமலிருக்க மிதமான சூட்டில் வைப்பது) முடிந்தபின் தீட்டுவதுதான் நல்லது. அப்போது சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கவும். வெட்டுமுனையில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். நீலத்தைத் தேய்த்து எடுத்தால் நிறம்தான் போகும், கடினம் திரும்பாது.

1095க்கு 800 டிகிரி சுற்றி சூடு, வேகமாகக் குளிரவைக்கும் எண்ணெய். நுனியைக் கீழே பார்த்து நேராக இறக்குங்கள். மேலும் கீழுமாக அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை டெம்பர். கடினம் ராக்வெல் சி அளவில் 60 சுற்றி வரும். பிடியைத் தோய்க்கவே வேண்டாம். துளைகளைத் தோய்ச்சலுக்கு முன்பே போட்டு, இரண்டு பக்கமும் ஓரத்தைச் சாய்த்துவிடுங்கள். துரப்பணம் விட்ட கூரான பிசிறிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

வியர்வை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 1095ல் குரோமியம் கிடையாது. சட்டைக்குள் மார்போடு ஒட்டியிருந்தால் ஒரே நாளில் துருப்புள்ளி தெரியும். உலை வசதி இருந்தாலோ, சூட்டு வேலையை வெளியே கொடுக்க முடிந்தாலோ, எளிதில் துருப்பிடிக்காத எஃகுகளான 14சி28என் அல்லது ஏஇபி-எல் எடுங்கள். இரண்டுமே மெல்லிய வெட்டுமுனையைத் தாங்கும். தோய்ச்சல் 1060 முதல் 1080 டிகிரியில், இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி. அந்த அழுத்தத்தால் வளைவும் அடங்கும். எந்த எஃகானாலும் மேற்பரப்பை நன்றாக மெருகேற்றுங்கள். கரடுமுரடான தேய்ப்புக் கோடுகளில்தான் உப்பு தங்கும்.

கட்டுக்கயிறு எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: போதாது, ஆபத்தும்கூட. 550 பாராகார்ட் சுமார் 250 கிலோ வரை அறாது. எதிலாவது மாட்டினால் கயிறு அறாமல் கழுத்துதான் இறுகும். பிடரிப் பக்கம், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும். கயிற்றை உறையின் ஐலெட்டுகளில் (துளைகளில் அடிக்கும் உலோக வளையங்கள்) சும்மா கோத்து விடாமல், அங்கேயே முடிச்சிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இணைப்பான் விட்டதும் கயிறு உருவிக்கொண்டு உறை கீழே விழும். மணிச்சங்கிலி போடுவதானால் 2.4 மி.மீ. போதும். ஆனால் சங்கிலிக்குச் சங்கிலி பலம் மாறும், அதனால் பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். 3 முதல் 4 கிலோவில் விட வேண்டும்.

இப்போது உறையின் இறுக்கம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் கத்தியைக் கீழே இழுத்துத்தான் உருவுகிறோம். உறை 5 கிலோ பிடித்து, இணைப்பான் 3 கிலோவில் விடும் என்றால், ஒவ்வொரு முறையும் கத்தி வராமல் கழுத்துக் கயிறே கழன்று கையில் வரும். 40 கிராம் கத்திக்குத் தன் எடையைப் போலப் பத்து மடங்கு குலுக்கல் வந்தாலும் 400 கிராம்தான் விசை. ஆகவே 1.2 முதல் 1.5 கிலோ பிடிப்பு தாராளம். அதையும் அதே தராசில் அளக்கலாம்: உறையை இடுக்கியில் பிடித்து, கத்தியின் துளையில் கொக்கியை மாட்டி இழுங்கள்.

உறையின் வாயில் கட்டைவிரல் வைக்க ஒரு மேடு விட்டு வெட்டினால் இன்னும் நல்லது. நான்கு விரல் பிடியில், கட்டைவிரல் மேட்டைத் தள்ளும். விசை முழுக்கக் கைக்கும் உறைக்கும் நடுவிலேயே தீர்ந்துவிடும், கழுத்துக் கயிறு அதை உணரவே உணராது.

பிடிப்பு வர வேண்டியது கத்திப் பிடியில் சுட்டுவிரல் பதியும் பள்ளத்தில் மட்டும். வெட்டுமுனையின் மேல் கைடெக்ஸ் இறுகினால் உருவும்போதெல்லாம் பிளாஸ்டிக்கைச் சீவிக்கொண்டே வரும், கூரும் போகும். அச்சு எடுக்கும் முன் அலகில் காகித நாடா இரண்டு சுற்று ஒட்டி, வெட்டுமுனைக்கு வெளியே ஒட்டி ஒரு மெல்லிய குச்சி வையுங்கள். 2 மி.மீ. தாள் வேண்டாம், 1.5 எடுத்து முதுகுப் பக்கம் மடித்து ஒரே வரிசை ஐலெட் அடித்தால் சுமார் 13 கிராமில் முடியும். 165 டிகிரி சுற்றி, துணி மாதிரி தளர்ந்ததும் கத்தியோடு நுரைப்பஞ்சு வைத்த அழுத்துபலகைகளுக்கு நடுவே வைத்து ஐந்து, ஆறு நிமிடம் ஆறவிடுங்கள். நுனிப் பக்கம் ஒரு துளை விட்டால் உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பிறகு இறுக்கமாகத் தோன்றினால் பள்ளத்தின் இடத்தை மட்டும் வெப்பக்காற்றில் காட்டி, கத்தியைச் செருகி ஆறவிடுங்கள். தளர்வாக இருந்தால் அதே சூட்டில் விரலால் அழுத்துங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் போட்டுவைத்தால் இந்தப் பிடிப்பு இளகிவிடும்.

மெல்லலகு கேட்டது:

மிக்க நன்றி அண்ணா, எல்லோருக்கும். 14சி28என், 2 மி.மீ., 12 மி.மீ. துளை மூன்று என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வெறும் 2 மி.மீ. இரும்பு உள்ளங்கையை அறுக்காதா? அந்தப் பாராகார்டைப் பிடியில் சுற்றிவிடலாமா?

சாணைக்கல் எழுதியது:

சுற்றலாம். ஒன்றரை மீட்டர் போகும், 10 கிராம். கத்தி 36, உறை 13, சுற்று 10, ஆக 59. ஐலெட்டுக்கு ஓரிரு கிராம் வேண்டும் என்பதால் கயிற்றின் உள்நூல்களை உருவிவிட்டு வெறும் மேலுறையைச் சுற்றுங்கள். எடையும் தடிமனும் குறையும். உறையின் வாய் முடியும் இடத்திலிருந்து 8 மி.மீ. தள்ளிச் சுற்றைத் தொடங்கவும். நெருங்கினால் கயிறு உறையை முட்டி, கத்தி முழுதாக உட்காராது, கிளிக் சத்தமும் வராது.

வியர்வையில் ஊறும் கயிறு நாறும், அடியில் ஈரமும் தங்கும். அதனால் நான் 2 மி.மீ. மைகார்டா (பிசினில் இறுகிய துணி) தகடுகளையே சொல்வேன், எடை அதே 10 கிராம்தான். எபாக்சிப் பசையோடு இரண்டு ஆணி. ஆணித்துளைகளைச் சூட்டு வேலைக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடுங்கள். தகடு எதுவும் வேண்டாம் என்றால் பிடியின் ஓரங்களை அரத்தால் உருட்டி, 400 உப்புத்தாளில் தேயுங்கள். பெட்டி பிரிக்கும் அளவுக்கு அதுவே போதும்.

கட்டுக்கயிறு எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. மார்பில் தொங்கிக்கொண்டிருக்கும் உறைக்குள் கத்தியைப் பார்க்காமல் திரும்பச் செருகாதீர்கள். உறையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, பிடிக்கும் விரல்கள் வாய்க்கு நேரே வராமல் பார்த்துச் செருகவும். கடைசல், துரப்பணம் மாதிரி சுழலும் இயந்திரங்களின் பக்கம் போகும்போதும், படுக்கும்போதும் கழற்றிவிடுங்கள், இணைப்பான் இருந்தாலும். சட்டைக்குள் போட்டால் பல இடங்களில் சட்டப்படி அது மறைத்துவைத்த கத்தி, உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு அணியுங்கள்.