கடலூர் சில்வர் பீச் காற்றுக்கு 11×7 ப்ராப் தாங்குமா?

மஞ்சக்குப்பத்தான்:
என் தெர்மோகோல் ரிமோட் விமானத்தில் இருப்பது 2212, 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரி, 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), 10×4.5 ப்ராப் (சுழல்விசிறி). காலையில் அழகாகப் பறக்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால், எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே தொங்குகிறது. 11×7 வாங்கலாமா?

துறைமுகத்தான்:
தாராளமாக வாங்குங்கள். ப்ராப் பெரிதானால் இழுவையும் பெரிது. இரண்டு வருடமாக எனக்கு அதேதான். எந்தக் காற்றையும் கிழித்துக்கொண்டு போகும்.

லாஸ்பேட்டைக்காரன்:
வேண்டாம் சார். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை இஞ்ச் முன்னேறும் என்பது. ஒரே சுற்றுவேகத்தில் ப்ராப் தின்னும் சக்தி, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பிட்ச் ஏற ஏற அதுவும் சேரும். நீங்கள் சொல்கிற மாற்றத்தில் சுமை 2 மடங்கைத் தாண்டுகிறது. மோட்டார் திணறிச் சுற்றைக் குறைத்துக்கொள்ளும், ஆனாலும் ஆம்பியர் எகிறும். இப்படி ஒரு 2212ஐ எரித்தவன் நான். மூன்றே நிமிடத்தில் இறக்கினேன், விரல் வைக்க முடியவில்லை. வார்னிஷ் கருகிய வாடை இரண்டு நாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

துறைமுகத்தான்:
அது மட்டமான மோட்டாராக இருந்திருக்கும் தம்பி. என்னுடையது சுட்டதே இல்லை.

லாஸ்பேட்டைக்காரன்:
உங்களுடையது என்ன மோட்டார் அண்ணே?

துறைமுகத்தான்:
2820. 920 கேவி.

லாஸ்பேட்டைக்காரன்:
அதானே பார்த்தேன்! உங்கள் ஸ்டேட்டர் (மோட்டாருக்குள் கம்பி சுற்றிய, சுழலாத பகுதி) 28 மி.மீ. விட்டம், 20 மி.மீ. உயரம். அவருடையது 22, 12. கன்றுக்குட்டியைப் பார வண்டியில் பூட்டச் சொல்கிறீர்களே.

அவருக்குக் குறைவது இழுவை இல்லை, வேகம். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்று வைத்தால், 4.5 பிட்சுக்கு மணிக்கு 55 கி.மீ.தான் உச்சவரம்பு. 6 பிட்சுக்கு 73. அதனால் 9×6 போடுங்கள். விட்டம் குறைவதால் சுமை கூடாது, கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். எதற்கும் வாட் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். (எங்கள் பக்கம் விமான நிலையம் இருப்பதால் நானும் கடலூர் வந்துதான் பறக்கவிடுகிறேன். அந்தக் காற்று எனக்கும் பழக்கம்.)

துறைமுகத்தான்:
மோட்டார் விஷயம் சரி, நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் 9 இஞ்சில் கையால் எறிந்தால் ஆரம்ப இழுவை போதாது. மூக்கு மணலில் குத்தும். பேசாமல் காலை 6 மணிக்குப் போங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
வேலை முடிந்து வரவே நாலு மணி ஆகிவிடுகிறது அண்ணே, காலையில் எங்கே போவது? 9×6 மாட்டிப் பார்த்தேன். மீட்டரில் முன்பைவிட ஒரு ஆம்பியர் குறைவு. முதல் எறியில் நேரே மணலில் குத்தியது. இரண்டாவதை முழு த்ராட்டில் கொடுத்து, காற்றைப் பார்த்து ஓடி எறிந்தேன். கடலைப் பார்த்து நிற்காமல் போனது. இறக்கித் தொட்டால் மோட்டார் வெதுவெதுப்புதான்.

துறைமுகத்தான்:
அந்த முதல் எறியைத்தானே நான் சொன்னேன்?