ஐடில் ஸ்டாப் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை, ஆனால் பேட்டரி நன்றாக இருக்கிறதாம்

முதலியார்பேட்டை:
வணக்கம். 2020 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர். சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் உடனே கிளம்பும், இதுதான் ஐடில் ஸ்டாப். மூன்று வாரமாக இந்திரா காந்தி சிலை சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அணைவதே இல்லை. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கிறது, ஹாரனும் கணீரென்று இருக்கிறது. பேட்டரிக் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து 12.6 வோல்ட், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போடலாம் என்கிறார்கள். வேறு எங்கே பார்ப்பது?

லாஸ்பேட்டை:
விட்டது சனி என்று இருங்கள். நான் வண்டி எடுத்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டனை அழுத்தி ஆஃப் செய்துவிடுவேன். சிக்னலில் மிச்சமாகும் பெட்ரோலில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.

வில்லியனூர்:
பட்டனை அழுத்துவது உங்கள் விருப்பம். ஆனால் அவர் அழுத்தாமலேயே அது நின்றிருக்கிறதே, அதுதான் கேள்வி. பேட்டரிக்குப் போகும் முன் சின்ன விஷயங்களைக் கழித்துவிடுங்கள். இந்த வெயிலில் ஏசியை முழு வேகத்தில் வைத்தால் இன்ஜின் அணையாது, அது கோளாறு இல்லை. இன்ஜின் சூடாகாவிட்டாலும், சீட் பெல்ட் போடாவிட்டாலும், கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் அணையாது. பானெட் லாக்கில் ஒரு சுவிட்ச் இருக்கும், அது கெட்டால் பானெட் திறந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். என் வண்டியில் சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் அப்படித்தான் ஆனது.

முதலியார்பேட்டை:
இன்று காலை ஆறு மணிக்கு ஏசி இல்லாமல் ஈசிஆரில் காலாப்பட்டு வரை போய் வந்தேன். பெல்ட், கதவு எல்லாம் சரி. பானெட்டைத் திறந்தால் மீட்டரில் படம் வருகிறது, மூடினால் போகிறது. அப்படியும் அணையவில்லை.

மஞ்சக்குப்பம்:
தம்பி, கடலூரில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். மூன்று கேள்வி. பேட்டரி வண்டியோடு வந்ததா, மாற்றினதா? அந்த 12.6 எப்போது எடுத்தது, வண்டி ஓட்டிப் போய் நிறுத்தின உடனேயா? வெளியில் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா, கேமரா, ஆம்ப்ளிஃபயர் மாதிரி?

முதலியார்பேட்டை:
மாற்றினதுதான் அண்ணே, போன தீபாவளிக்கு முன்னால். கடைக்காரர் இதே ஆம்பியர், இதே சைஸ், விலை இரண்டாயிரம் குறைவு என்றார், போட்டுவிட்டேன். ஓட்டிப் போய் நிறுத்தின உடனேதான் பார்த்தார்கள். டேஷ் கேமரா இருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

மஞ்சக்குப்பம்:
எல்லாரும் கடைசியில்தான் சொல்வார்கள், பரவாயில்லை.

ஓட்டி நிறுத்தின உடனே மீட்டர் வைத்தால் மேலோட்டமான சார்ஜைத்தான் காட்டும். ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் எதையும் ஆன் செய்வதற்கு முன்னால் பாருங்கள். 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதிதான்.

செல்ஃப் எடுப்பதை வைத்து ஏமாறாதீர்கள். பேட்டரி பாதியில் இருந்தாலும் நம் ஊர்ச் சூட்டுக்கு செல்ஃப் எடுக்கும். மைனஸ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் சென்சார். உள்ளே போகிற கரண்ட், வெளியே வருகிற கரண்ட், வோல்ட், சூடு எல்லாவற்றையும் கணக்கு வைக்கும். இன்ஜினை அணைத்தால் திரும்ப எழுப்ப முடியுமோ முடியாதோ என்று சந்தேகம் வந்தால் அணைக்கவே விடாது. அதனால்தான் செல்ஃப் சொதப்புவதற்கு ரொம்ப முன்னாலேயே ஐடில் ஸ்டாப் நின்றுவிடுகிறது.

அடுத்தது பேட்டரி ரகம். ஐடில் ஸ்டாப் வண்டிக்கான ரகங்கள் இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். இரண்டும்; மேலே அப்படி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது சாதாரண பேட்டரி. இன்ஜின் அணைந்திருக்கும்போது ப்ளோயர், லைட், பாட்டு எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன, ஒவ்வொரு சிக்னலிலும் மறுபடி செல்ஃப் வேறு. குறைவதும் ஏறுவதுமாக இருந்தால் சாதாரண பேட்டரியின் தகட்டில் இருக்கும் பசை உதிரும். இ.எஃப்.பி.யில் அது உதிராமல் தகட்டின் மேல் ஒரு வலைத்துணி போட்டிருப்பார்கள். ஏ.ஜி.எம்.மில் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஆசிட் ஊறி இருக்கும். இ.எஃப்.பி. வந்த வண்டிக்கு ஏ.ஜி.எம். போடலாம், ஏ.ஜி.எம். வந்த வண்டிக்கு இ.எஃப்.பி. போட்டு இறக்கக் கூடாது. ஆம்பியர் ஒன்றுதான், ரகம் வேறு.

வில்லியனூர்:
அண்ணே, என் வண்டியில் சிகரெட் லைட்டரில் செருகும் மீட்டர் சில நேரம் 14.4 காட்டுகிறது, சில நேரம் 12.8க்கு இறங்குகிறது. டைனமோ போய்விட்டதா?

மஞ்சக்குப்பம்:
போகவில்லை. இப்போதைய வண்டிகளில் அதை கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. சீராக ஓடும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் குறைத்துக்கொள்ளும், ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது ஏற்றும். எப்போதுமே 14 பக்கம் போகாவிட்டால் மட்டும் வாருங்கள். இதனால்தான் தினம் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டிக்கு சார்ஜ் ஏறாமலே போகிறது.

முதலியார்பேட்டை:
காலையில் பார்த்தேன், 12.2. மேலே இ.எஃப்.பி. என்று எதுவும் இல்லை. தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் கேமராவையும் பார்க்கச் சொன்னேன். வண்டியைப் பூட்டி, எல்லா கம்ப்யூட்டரும் தூங்க அரை மணி நேரம் விட்டு, மைனஸில் மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்ததில் 0.24 ஆம்பியர். கேமரா ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02க்கு இறங்கிவிட்டது. எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில் கேமராவைச் சொருகியிருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்:
0.05க்குக் கீழே இருக்க வேண்டியது. 0.24 என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரி 45 தானே? சனி, ஞாயிறு வண்டியை எடுக்காவிட்டால் கால்வாசி காலி. கேமராவைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றுங்கள். பிறகு 4, 5 ஆம்பியர் சார்ஜரில் காற்றோட்டமான இடத்தில் ராத்திரி முழுக்கப் போடுங்கள். மைனஸ் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் பாடி போல்ட்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் சார்ஜ் ஏறியதே சென்சாருக்குத் தெரியாது.

முதலியார்பேட்டை (ஒன்பது நாள் கழித்து):
சார்ஜ் போட்ட மறுநாள் இன்ஜின் அணைந்தது. சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் மறுபடி பழைய கதை. லோடு டெஸ்ட் செய்ததில் பேட்டரியே பாதி செத்திருக்கிறது என்றார்கள். வாரண்டி கேட்டால், ஐடில் ஸ்டாப் வண்டியில் இந்த ரகத்துக்குச் செல்லாதாம்! விற்கும்போது அதைச் சொல்லவில்லை. இ.எஃப்.பி. போட்டேன். மாற்றின அன்று அணையவில்லை, பயந்துபோனேன். ராத்திரி பூட்டி நிறுத்தின பிறகு சென்சார் கணக்கைப் புதிதாகப் பிடித்துக்கொண்டது போல, காலையில் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் அணைந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னடா, வண்டி நின்னுபோச்சா" என்றார். நேற்றுக் காலை 12.7.

லாஸ்பேட்டை:
பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே?

மஞ்சக்குப்பம்:
டெர்மினலில் வாசலின் தடவினீர்களா தம்பி? கடற்கரை ஊர், ஆறு மாசத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். பாடியில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டையும் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள்.

முதலியார்பேட்டை:
தடவவில்லை அண்ணே. நாளைக்குச் செய்துவிடுகிறேன்.